எட்டுத் துண்டுகளில் ஒரு தீவு

பெருமாள் ஆக்லாந்தில் இறந்துவிட்டதாக அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் வராது. பிஜி இந்தியில்தான் அழுதாள். பிஜியில் எங்கள் ஊரான தவுவாவில் அவரை அறிந்தவர்கள் இப்போது சிலரே. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தலைநகர் சுவாவில் மின்சார அலுவலகத்தில் அவருக்கு வேலை. வரும் இருபது ஆண்டுகளில் தீவில் எங்கெங்கே மின்கம்பி இழுக்க வேண்டும் என்று கணினியில் கணக்குப் போடுவார். அதற்குத் தீவைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். துண்டுகள் கூடினால் கணக்கு முடிய மாதங்கள் ஆகும். அவர் எட்டே துண்டுகளோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் துண்டில் சொந்த மின்நிலையம் வைத்திருந்த தங்கச் சுரங்கமும் இருந்தது; மண்ணெண்ணெய் விளக்கோடு, என் வீட்டையும் சேர்த்து, கரும்பு விவசாயிகள் குடியிருந்த நாற்பது வீடுகளும் இருந்தன. நான் கணக்கு வாத்தியார், வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். ஒரு பிள்ளை நூறும் இன்னொரு பிள்ளை சுழியமும் வாங்கினால் சராசரி ஐம்பது. இருவரும் தேறியதாக எழுதிவிடலாம். அப்படித்தான் இந்தத் துண்டுக்கு மின்சாரம் போதும், புதுக் கம்பி வேண்டாம் என்று விடை வந்தது.

அந்த நாற்பதில் ஒன்று அவர் தங்கை கன்னியம்மாவின் வீடு. தீபாவளிக்கு வந்தவரை என் எதிரிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அரே அண்ணே, உன் கம்ப்யூட்டர்லே என் ஊட்டுலே லைட்டு எரியுதாமே? சுவிட்சு எங்கே இருக்கு, காட்டு!”

“மொத்தமா பாத்தாதானே தங்கச்சி வேலை முடியும்?”

“நல்லா மொத்தமா பாரு. பசங்க சிட்னிக்குப் போயிட ஃபாரம் எழுதிட்டாங்க. கரண்டு லைன் வந்தா அவங்களை நிறுத்திருவேன். வரலேன்னா நானும் கெளம்பிருவேன்.”

பெருமாள் சுவாவுக்குத் திரும்பிப் போய், தீவைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து மறுபடி கணக்குப் போட்டார். எங்கள் கட்டத்துக்குக் கம்பி இழுப்பதே சரி என்று விடை வந்தது. முதல் தடவையே பிரித்திருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

அதற்குள், இந்தியர்களுக்கு இடம் கொடுத்த அரசு என்று சொல்லி ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். எங்கள் பக்கம் இந்தியர் வீடுகள் இரண்டு எரிந்தன. கன்னியம்மா கோழிகளைக்கூட விற்காமல் பிள்ளைகளோடு கிளம்பினாள். பெருமாளின் மேலதிகாரி புது விடையைப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் இப்போது எத்தனை வீடுகள் என்று மட்டும் கேட்டாராம்.

பெருமாளே வீடுகளை எண்ண வந்தார். நானும் கூட நடந்தேன். தங்கை வீட்டைப் பூட்டியிருப்பது தெரிந்தும் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் நின்றார். நாற்பதில் ஆள் இருந்தது இரண்டில். அந்த எண்ணைக் கணினியில் ஏற்றியதும் அவரேதான். கம்பி வேண்டாம் என்றது கணினி.

“இந்தத் தடவை கணக்கு சரி மாஸ்டர்,” என்றார். “அதான் தாங்கலே.” அடுத்த மாதம் அவரும் ஆக்லாந்துக்குப் போய்விட்டார்.

அவர் எண்ண வந்தபோது கொண்டுவந்த, கட்டம் போட்ட வரைபடம் என்னிடம் இருக்கிறது. எங்கள் கட்டத்தில் அவர் கையால் ‘2’ என்று எழுதியிருக்கிறார். ஒன்று என் வீடு. இன்னொரு வீட்டாரும் பிறகு கனடா போய்விட்டார்கள். அந்த எண்ணை ‘1’ என்று திருத்த இனி யாரும் வரமாட்டார்கள்.