சந்தனப் பொட்டு வைத்த கீபோர்டு

செல்லக்கிளி பாஸ்வேர்டை மூன்றாவது தடவையும் அடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையும் மாட்டேன் என்றது. மூன்று முறை தப்பானால் அது அப்படியே நின்றுவிடும். அணைத்துத்தான் மறுபடி போட வேண்டும். காலையிலிருந்து பதினோரு முறை அணைத்துப் போட்டாயிற்று.

காளவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கிளார்க். 2002-ஆம் வருஷம், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறந்த நாள் அது. லீவில் வாத்தியார்மார் வந்து இதில் சீட்டாடுவார்கள் என்று, பூஜையன்று காலையில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய மகராசி அவளேதான். மகள் மீனாவின் பெயரைப் போட்டதாகத்தான் நினைப்பு. அது இல்லையென்றால் வேறு எதைப் போட்டேன்?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் உள்ளே இருந்தது. மறுநாள் அனுப்பியாக வேண்டும். ஹெட்மாஸ்டர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அவள் பயந்தது அதற்காக இல்லை. அவள் அம்மா அழகம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதில்தான் இப்படித் தொடங்கியது. முதலில் பீரோ சாவியை மறந்தாள், அப்புறம் அடுப்பில் வைத்த பாலை. ஒருநாள் வேலை விட்டு வந்த மகளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளத்தா?" என்று கேட்டாள். வருகிற தையில் செல்லக்கிளிக்கும் நாற்பத்தைந்து.

மதியம் சிம்மக்கல்லிலிருந்து மெக்கானிக் ராஜேஷ்குமார் வந்தான்.

"நாந்தேன் மறந்துட்டேன் தம்பி" என்றாள்.

"எல்லாரும் மறக்கிறதுதானக்கா. பட்டியல் எங்கயும் போகாது."

கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒற்றை ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்த பேட்டரியை நெம்பி எடுத்தான். அதன் தயவில்தான் பாஸ்வேர்டு நிற்கிறதாம். டீ குடித்துவிட்டு வந்து திரும்ப மாட்டினான். கம்ப்யூட்டர் எதையும் கேட்காமல் திறந்தது. பட்டியல் பத்திரமாக இருந்தது. ஹெட்மாஸ்டர் முகத்தில் களை வந்தது. செல்லக்கிளிக்குப் பயம்தான் கூடியது. பூட்டு திறந்தால் என்ன, மறந்தது மறந்ததுதானே.

"நாகலட்சுமி பேரு விட்டுப்போச்சும்மா, சேத்துருங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

அடித்தாள். முதல் எழுத்து விழவில்லை. திரும்ப அழுத்தினாள். எல்லா எழுத்தும் வந்தன, N மட்டும் வரவில்லை. அவளுக்கு ஏதோ உறைத்தது. மெதுவாக மகள் பெயரை அடித்தாள். அதிலும் N விழவில்லை. பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் எழுத்து தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். அந்தப் பதற்றத்தில் நட்சத்திரத்தை யார் எண்ணினார்கள்?

ராஜேஷ்குமார் அந்த N எழுத்துக் கட்டையை நெம்பினான். அடியில் சந்தனம் காய்ந்து பாறையாக இறுகியிருந்தது.

"எந்தப் புண்ணியவான்க்கா கீபோர்டுக்கெல்லாம் பொட்டு வச்சது?"

"நாந்தேன் தம்பி. மீனா பேரப் போட்டுப் பூட்டினதுக்கப்புறம் வச்சேன். வரிசைக்கு மூணு பொட்டு. பச்சைக் கிண்ணத்துல கொழைச்சேன், பன்னீர் கொஞ்சம் கூடிப்போச்சு. கீழ் வரிசையில நடுப்பொட்டு வழிஞ்சுச்சு, முந்தானையாலதேன் தொடச்சேன். அம்புட்டும் ஞாபகம் இருக்கு தம்பி, அம்புட்டும்."

சொல்லிவிட்டு, அதே முந்தானையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.