அன்வர் பாயின் தோல் ஒட்டிய கேமரா

வேலூரில் கேமரா ரிப்பேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். "இதுக்கு போர்டு வர்றதில்ல சார், இந்த மாடலையே நிறுத்திட்டாங்க" என்று கடைக்காரர் என் கேமராவைத் திருப்பித் தள்ளினார். அப்போதுதான் போன் வந்தது. காலையில் நெஞ்சு வலி வந்து, அன்வர் பாய் போய்விட்டார். கடைக்காரர் மேலும் ஏதோ சொன்னார். கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு சாம்பிள் படம் எடுத்துக் கொடுப்பதுதான் இருபது வருடமாக எங்கள் இருவருக்கும் தொழில். பாயின் கேமராவை ஆம்பூரில் பார்க்காதவர்கள் கிடையாது. அதன் பிடியிலிருந்த ரப்பர் பிசுபிசுத்து உரிந்தது. மாற்று ரப்பர் இனி கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். தோல் ஊர்க்காரர் சும்மா இருப்பாரா? லைனிங் தோலை மெலிதாகச் சீவி, ஷூவுக்குப் போடும் பசையால் ஒட்டிவிட்டார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேமராவைத் திறக்கும் ஸ்குரூ எல்லாம் தோலுக்கு அடியில் போய்விட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "தொறக்கறதுக்கா வாங்கனோம்? படம் எடுக்கத்தானே வாங்கனோம்" என்றார்.

அந்த வருடமே நான் வீட்டில் சண்டை போட்டுப் புது மாடல் வாங்கினேன். அன்றிலிருந்து எந்தக் கம்பெனி கேட்டில் பார்த்தாலும் இதே பேச்சு. "இன்னா குமாரு, உன்னுது வெல ஜாஸ்தி, ஆயுசு கம்மி. என்னுது நம்ம ரெண்டு பேரையும் அனுப்பிட்டுத்தான் நிக்கும்."

அதனால், நாலு மாதம் முன்பு என் கேமரா நின்றபோது அவரிடம் மூச்சு விடவில்லை. அதைச் சும்மா கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்போனில் எடுத்துச் சமாளித்தேன். கம்பெனிகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

கபரஸ்தானில் மண் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். பாயின் மகள் அந்தக் கேமராவை என் கையில் கொடுத்தாள். இதுவாவது ஓடுகிறதே என்றேன்.

"அது நின்னு எட்டு மாசம் ஆவுது மாமா. அப்பா செல்லுலதான் எடுத்துனு இருந்தாரு. தோலை உரிச்சாதான் தொறக்க முடியும்னாங்க, வேணாம்னுட்டாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாது, குமாரு சிரிப்பான்னாரு."

கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா, விளங்கவில்லை. சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு என்னுடையதையும் காட்டியிருப்பேனே பாய்!

போன மாதம் ஸ்டேஷனில் பார்த்தோம். "நில்லு குமாரு, உன்ன ஒண்ணு எடுக்கறேன்" என்று கேமராவைத் தூக்கினார். நானும் விடாமல் என் கேமராவைத் தூக்கி அவரை எடுத்தேன். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்ததால் ஷட்டர் சத்தம் கேட்காதது இரண்டு பேருக்கும் சந்தேகமாகப் படவில்லை. "சூப்பரா வந்துக்குது" என்று அவரவர் கருப்புத் திரையைப் பார்த்துச் சொன்னோம்.

பாயின் கேமரா இப்போது என் மேஜையில் இருக்கிறது. தோலை உரித்துப் பார்க்கலாம், கை வரவில்லை. இருபது வருடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் எடுத்தது அன்றைக்கு மட்டும்தான். காலரைச் சரிசெய்துகொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. என் படத்தைப் பாய் கொண்டுபோய்விட்டார்.