எருமை குளிக்கும் அருவி

ஹொன்னேமக்கி கிராமத்து ஹூவம்மா வென்றவை நான்கு. கணவன் இறந்தபின் கொழுந்தன் தர மறுத்த பாக்குத் தோட்டத்துப் பங்கு. ஊர்ப் பெண்கள் யாரும் போட்டிராத முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். பலாமரத்தடியை வருஷா வருஷம் கிளறிய காட்டுப்பன்றி. மலையேற வருகிறவர்களை வழிநடத்துகிறவர் கையில் கட்டும் மஞ்சள் பட்டை. முதல் மூன்றும் அவள் பிடிவாதத்தால் வந்தவை. நான்காவது, அவள் உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாததால் வந்தது.

தோட்டத்தில் பங்கு கிடைத்ததே தவிர, கிடைத்த பக்கத்து மரங்களெல்லாம் நோயில் நின்றவை. மழைக்காலம் முடிந்ததும் அதே கொழுந்தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கூலிக்குப் பாக்கு உரிக்க வேண்டும். அந்த முற்றத்தில் இனி உட்காரக் கூடாது என்று நினைத்திருந்தாள். அதற்குத்தான் பட்டை.

பெங்களூரிலிருந்து சனி ஞாயிறில் கூட்டம் கூட்டமாக வந்து காட்டில் வழி தப்புகிறவர்கள் அதிகமானதால், ஊர் வனக்குழு ஒருவருக்கு வழிகாட்டி வேலையும் பட்டையும் தருவதாக அறிவித்தது. போட்டிக்கு இருவர்; ஆளுக்கொரு கூட்டத்தை அருவிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும். பியூசி படித்த சதீஷ், போன வாரமே தன் கூட்டத்தை ஹாலப்பி அருவிக்குக் கொண்டுபோய், காட்டு எல்லைக் கேட் மூடுமுன் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். வழியெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டான் என்பது மட்டுமே புகார். இந்த வாரம் ஹூவம்மா.

கூட்டத்துக்குத் தலைவன் சிராக். தண்ணீர் குடிக்கத் தோள்பையிலிருந்து குழாய் வைத்திருந்தான். அவன் தோழி அபூர்வா அட்டை கடிக்காமலிருக்க மூன்று வகை மருந்து பூசியிருந்தாள். அட்டைகளுக்கு மூன்றும் பிடித்திருந்தன. மற்றவர்கள் இவர்கள் இருவரையும் படம் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

அருவிக்குப் போகும் வழி மூன்று வீட்டு முற்றங்கள் வழியாகப் போகிறது. மூன்றும் ஹூவம்மாவின் உறவு. உறவுக்காரர் முற்றத்தை மிதித்துவிட்டு உள்ளே நுழையாமல் போனால், அடுத்த கல்யாணப் பந்தியில் அதுதான் பேச்சாக இருக்கும். சதீஷுக்கு அந்தப் பக்கம் உறவில்லை; எங்கும் நிற்காமல் போய்விட்டான். முதல் வீட்டில் வெல்லமும் தண்ணீரும், பிறகு காபி. இரண்டாவது, அக்கா கங்கம்மாவின் வீடு. அரிசி மாவை இலையில் மடித்து வேகவைத்த அவள் கடுபுக்கு அந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது. நகரத்துப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு போதும் என்று ஆரம்பித்து, பாத்திரத்தின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சிராக் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். ஹூவம்மா ஒவ்வொரு முறையும் "இதோ, இங்கேதான்" என்றாள். களைத்த விருந்தாளியிடம் தூரத்தைச் சொல்வது அந்த மலையில் யாருக்கும் வழக்கமில்லை. அது வீட்டுக்கு வந்தவனைப் போ என்று சொல்வது போல.

மூன்றாவது, தாய்மாமன் தர்மப்பாவின் வீடு. வனக்குழுத் தலைவரும் அவர்தான். அன்று கேட்டில் இருந்தார். அத்தை சோறு போட்டாள். சாப்பிட்டுக் கைகழுவப் பின்கட்டுக்குப் போன சிராக் அங்கிருந்தே எல்லோரையும் கூப்பிட்டான். மலை ஓடையிலிருந்து பாக்குமரத்தைப் பிளந்து வாய்க்காலாக்கி மாமா கொண்டுவந்திருந்த தண்ணீர், பாறை மேலிருந்து குட்டையில் விழுந்துகொண்டிருந்தது. மழையில் அது நன்றாகவே விழுந்தது. கூட்டம் உடையோடு இறங்கிவிட்டது.

"அது எருமை குளிக்கிற தண்ணி, கண்ணு," என்றாள் ஹூவம்மா.

"அக்கா, தினமும் பாக்குறதால இதோட அருமை உங்களுக்குத் தெரியலை," என்றான் சிராக்.

"அருவி இன்னும் மேல இருக்குப்பா. ஒரு மணி நேரம் ஏறணும்."

வாழ்நாளில் முதல்முறையாக விருந்தாளியிடம் அவள் சொன்ன சரியான தூரம் அது.

அபூர்வா சிரித்தாள். "காலையிலேர்ந்து இதோ இதோன்னீங்க. வந்து சேர்ந்ததும் ஒரு மணி நேரமா? உங்க ஊர் ரகசியத்தை நாங்க வெளியில சொல்லிடுவோம்னு பயமா?"

சொல்லத்தான் செய்தார்கள். கேட்டுக்குத் திரும்புவதற்குள் படங்கள் பெங்களூர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தன.

கேட்டில் சதீஷ் படத்தை வாங்கிப் பார்த்தான். ஓரத்தில் ஒரு கொம்பு தெரிந்தது. "தர்மப்பாண்ணா, இது உங்க எருமைதானே?" என்றான், குழுவினர் எல்லோருக்கும் கேட்கும்படி.

இன்னொருத்தியாக இருந்தால் மழுப்பியிருப்பாள். ஹூவம்மாவுக்குக் கொழுந்தன் வீட்டு முற்றம் கண்முன் வந்தது, அப்படியும் மழுப்பவில்லை. "அருவிக்குப் போகலை, மாமா. மூணு வீட்டுல சாப்பிட்டோம், திரும்பிட்டோம்."

சிராக்குக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு ஏறி, இவ்வளவு அட்டைக்கடி வாங்கி, தாங்கள் அருவியைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று குழுவிடம் வாதாடினான். அபூர்வா காலைத் தூக்கிக் கடிவாய்களைக் காட்டினாள். அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள், இதே அருவிக்கு, இதே அக்காவோடு, அதே வீட்டில் இலைக்குக் காசு கொடுத்துச் சாப்பிட என்று முடித்தான் சிராக்.

தர்மப்பா வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். நாற்பது இலை அவர் கண்ணில் விரிந்தது தெரிந்தது.

"அருவின்னா என்ன சதீஷ்? தண்ணி மேலேர்ந்து கீழ விழணும். எங்க வீட்டுல மேலேர்ந்துதானே விழுது?"

குழுவில் இருவருக்கு அதே ஓடையின் கீழ்ப்பக்கம் தோட்டம் இருந்தது; அங்கேயும் தண்ணீர் மேலிருந்துதான் விழுந்தது. அவர்களும் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். பட்டை ஹூவம்மாவுக்கு என்று முடிவாயிற்று.

அவள் உடனே கை நீட்டவில்லை. "கூட்டிட்டு வரேன் மாமா. ஆனா எருமைத் தண்ணின்னு சொல்லித்தான் கூட்டிட்டு வருவேன். அப்புறம் நிஜ ஹாலப்பிக்கும் ஏத்துவேன்."

"தாராளமா சொல்லு. யாரு நம்பப் போறாங்க?"

பட்டையைப் பெற்றுக்கொண்டதற்குக் குழுவின் பதிவேட்டில் கைநாட்டு வைக்கச் சொல்லி, சதீஷ் மைப்பெட்டியைத் திறந்து அவள் கட்டைவிரலுக்கு நேராக நகர்த்தினான். ஹூவம்மா அதை மூடி அவன் பக்கமே தள்ளினாள். ரேஷன் அட்டையில் இருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து, மழைக்காலம் முழுக்கப் பாக்குமட்டையில் கரித்துண்டால் எழுதிப் பழகியிருந்தாள். கங்கம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பேனாவை வாங்கி, கரித்துண்டைப் போலவே அழுத்தி எழுதினாள். கடைசி எழுத்தில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது.

தேதியையும் அவளே போட்டாள்: 22.9.2019.