அத்தா கேக்குறாக

எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் டச் போன் என் தாய்மாமாவின் சட்டைப் பையில்தான் குடியிருந்தது. அதை வாங்கி அனுப்பியவர் குவைத்தில் வேலை பார்த்த என் அத்தா; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வீரசோழனில் எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று பெண்கள் மட்டும்தான். பொம்பளைகள் மட்டும் இருக்கிற வீட்டில் அவ்வளவு பெரிய போனை எப்படி வைப்பது என்று மாமா ஒரு கேள்வியைக் கேட்டார். பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு போனைப் பாளையம்பட்டியிலிருந்த தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

அதன் பெருமைகளை மாமா வாயால் கேட்க வேண்டும். படம் எடுக்கும், பாட்டுப் பாடும், தொழுகைக்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று காட்டும், உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவரோடும் முகம் பார்த்துப் பேச வைக்கும். குறைகளை அவர் சொல்ல மாட்டார். கன்னத்தில் வைத்துப் பேசினால் கன்னமே பொத்தானை அமுக்கி லைனைக் கட் பண்ணிவிடும். காலையில் சார்ஜ் ஏற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் உயிரை விட்டுவிடும். தமிழில் யாராவது செய்தி அனுப்பினால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். "என்னமோ லாக் பண்ணி அனுப்பிருக்கான்" என்பார் மாமா.

இத்தனைக்கும் அந்தப் போனைத் தெரிந்து வைத்திருந்தவள் என் அக்கா. அருப்புக்கோட்டையில் காலேஜில் இரண்டாவது வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய்க் காத்திருந்து பஸ் ஏறுவது வழக்கம். அந்தக் காத்திருப்பில் போனின் குணம் முழுவதும் அவளுக்கு அத்துபடி ஆகியிருந்தது. விரல் நுனியால் தொட்டால் கேட்காது, நகத்தால் அழுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தவள் அவள். அத்தாவோடு முகம் பார்த்துப் பேசும் வசதியை அதில் ஏற்றி வைத்தவளும் அவள்தான். ஏற்றியது தான்தான் என்று மாமா கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பந்தல்குடியில் மெயின் ரோட்டு மேல் டயர் கடை வைத்திருந்த குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் வந்து அக்காவைப் பார்த்தார்கள், அவளைப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை நிக்காஹ் வரைக்கும் பெண் வீட்டுப் படி ஏற மாட்டார். ஆனால் அத்தா பிடிவாதமாக இருந்தார். மாப்பிள்ளையைத் தன் கண்ணால் பார்க்காமல் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். லீவோ அடுத்த வருடம்தான்.

"அம்புட்டுத்தானே? போனுல காட்டிருவோம்" என்றார் மாமா.

படிப்பை முடித்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று அக்கா அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். உங்கத்தா சொல்லட்டும் என்றாள் அம்மா. அத்தாவிடம் சொன்னாள். அம்மாகிட்டக் கேளு என்றார் அத்தா. இரண்டு பேரும் நல்லவர்கள். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் கடல் தாண்டிப் போவதும் வருவதுமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை அத்தாவுக்கு விடுமுறை. எங்கள் ஊரில் டவர் ஒரு கோடுதான் காட்டும் என்பதால் மாமா வீட்டு மொட்டை மாடியில் ஏற்பாடு. குவைத்தில் ஜும்மா தொழுகை முடிந்து அத்தா அறைக்குத் திரும்பி, கூட இருந்தவருடைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வேண்டும். அதற்குள் நம்மூரில் நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மாப்பிள்ளையும் அவருடைய பெரியத்தாவும் இன்னும் சில ஆண்களும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் மாமியும் வந்திருந்த பெண்களும் மாடிப்படி வாசலில் நின்றார்கள். அக்கா கீழே அறையில் இருந்தாள்.

மாமா பிஸ்மி சொல்லிப் போனை எடுத்தார். மேற்கு வெயில் நேராகத் திரையில் விழுந்தது. அதில் மாமாவின் மூக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. குத்துமதிப்பாக எதையோ அமுக்கினார். பாட்டு ஒன்று தொடங்கியது. அதை நிறுத்தப் போனார், போனே நின்றுவிட்டது. பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துச் சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவுக்கு வேர்த்துவிட்டது.

"ஏலா, கீழ போயி உங்க அக்காள வரச் சொல்லு" என்றார் என்னிடம்.

பெரியத்தாவின் முகம் சுருங்கியது. "பொண்ணு எதுக்குங்க மாடிக்கு? மாப்பிள்ளை உக்காந்திருக்காகல்ல."

"போன மாட்டி விட்டுட்டுப் போயிரும்ங்க" என்றார் மாமா.

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். நகத்தால் நாலு இடத்தில் தொட்டாள். கொஞ்ச நேரத்தில் அத்தாவின் குரல் கம்மலாக வந்தது. போனை மாமாவிடம் கொடுத்தாள். அவர் பெருவிரல் கேமராவை மூடிவிட்டது. ஒரே இருட்டா இருக்கு என்றார் அத்தா. விரலை நகர்த்தினார் மாமா. லைன் போய்விட்டது. திரும்ப அக்கா கைக்கு வந்தது. திரும்ப வேலை செய்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் போனுக்கு முதுகில் மட்டும்தான் கேமரா. மாப்பிள்ளையை அத்தாவுக்குக் காட்ட வேண்டுமானால் திரை பிடித்திருக்கிறவர் பக்கம் இருக்கும். ஆகவே அத்தாவின் முகம் பிடித்திருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்த சத்தத்தில் அந்தக் கம்மல் குரலும் கேட்கவில்லை. காதில் மாட்டும் ஒயரைத்தான் செருக வேண்டியிருந்தது. அதிலும் ஒரு பக்கம் செத்துப் போயிருந்தது.

வெயிலுக்கும் மறைவு வேண்டும், பெண்ணுக்கும் மறைவு வேண்டும். மாமி ஒரு பச்சைப் போர்வையைக் கொண்டுவந்து இரண்டையும் ஒரே அடியில் தீர்த்துவைத்தாள். அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்துத் தலையோடு போர்த்திவிட்டார்கள். போனின் முதுகு மட்டும் இடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. போர்வை திரையில் விழாமல் தாங்கிப் பிடிக்க என்னையும் உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கூடாரத்துக்குள் எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அத்தாவின் முகம் திரை நிறையத் தெரிந்தது. மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அக்கா அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை போர்வையைப் பார்த்து ஸலாம் சொன்னார்.

"அத்தா பதில் ஸலாம் சொல்றாக" என்றது போர்வை. "வீட்ல எல்லாரும் சுகமான்னு கேக்குறாக."

"சுகம்."

"கடை எப்படிப் போகுதுன்னு கேக்குறாக."

"நல்லாப் போகுது. லோடு வண்டி நெறைய வருதுல்ல, டயருக்கு என்ன கொறச்சல்" என்றார் மாப்பிள்ளை. நல்ல குரல். தேய்த்த சட்டை வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

திரையில் அத்தாவின் வாய் பாதி திறந்திருந்தது, தும்மப் போகிறவரைப்போல. அக்கா ஒயரைக் காதுக்குள் இன்னும் அழுத்தினாள். "அத்தா... அத்தா..." என்று தணிந்த குரலில் கூப்பிட்டாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அத்தாவும் சும்மாதான் இருந்தார். மாப்பிள்ளை சொன்னதை எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார், கண்ணைக்கூட இமைக்கவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அத்தா கேக்குறாக, புள்ளைக்குக் காலேஜு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கே, நிக்காஹ்வுக்குப் பெறகு போயி முடிக்கலாமான்னு."

மாடியில் நாற்காலிகள் அசைந்தன. மாப்பிள்ளை திரும்பிப் பெரியத்தாவைப் பார்த்தார்.

"அதெல்லாம் வீட்டுக்கு வந்த பெறகு பாத்துக்கலாம்னு சொல்லும்மா" என்றார் பெரியத்தா.

அக்கா கேட்டுக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினாள். "பெரியவுக சொன்னது சந்தோசம்ங்கிறாக. மாப்பிள்ளை என்ன சொல்றாகன்னு கேக்குறாக."

"பெரியத்தா சொல்றதுதான்" என்றார் மாப்பிள்ளை.

"பெரியத்தா ஒண்ணும் சொல்லாம உங்க இஷ்டம்னு விட்டிருந்தா, நீங்க என்ன சொல்லிருப்பீகன்னு கேக்குறாக."

ரோட்டில் ஒரு லாரி ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் மாப்பிள்ளை உண்மையாகவே யோசிப்பது தெரிந்தது. அப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

"எனக்குத் தெரியலைங்க" என்றார் கடைசியில். அதைச் சொன்னபோது அவர் பெரியத்தாவைப் பார்க்கவில்லை.

அக்கா மெதுவாகப் போர்வையை விலக்கினாள். "லைன் கட்டாயிருச்சு மாமா" என்று சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்தாள். அது தோசைக்கல்போலக் கொதித்துக்கொண்டிருந்தது. முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

"பொண்ணோட அத்தா வெவரமான ஆளுதான்" என்றார் பெரியத்தா. கோபமா மரியாதையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. டீயும் பலகாரமும் சாப்பிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள்.

மஃரிபு தொழுகைக்கு முன்னால் மாமாவின் பழைய பட்டன் போனில் அத்தா கூப்பிட்டார். அக்காதான் எடுத்தாள். எடுத்தவள் பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நெடுநேரம் கழித்து வந்து போனை மாமாவிடம் நீட்டினாள். மாமா எழுந்து நின்று பேசினார். "ஆமா மச்சான்... நல்லாத்தான் கேட்டீக மச்சான்... நீங்க சொல்றதும் சரிதான்" என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்டதுக்குப் பையன் பதில் சொல்லவில்லை, இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்பதுதான் அத்தா சொன்னதன் சாரம்.

சம்பந்தம் அதோடு நின்றது. மாமாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. குவைத்திலிருந்துகொண்டே தன் மச்சான் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை பண்ணிய கதையைக் கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், போனையும் எடுத்துக் காட்டினார். அடுத்த வருடம் லீவில் வந்த அத்தாவைப் பள்ளிவாசலிலும் டீக்கடையிலும் நிறுத்தி விசாரித்தார்கள். அத்தா டீயை உறிஞ்சிவிட்டு, "பொண்ணப் பெத்தவன் கேக்காம வேற யாரு கேப்பா?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அக்கா படிப்பை முடித்தாள். அதற்கு மேலும் படித்து, வேலைக்குப் போய், பிறகுதான் கல்யாணம். பந்தல்குடிக்காரருக்கும் நல்லபடியாகக் கல்யாணம் ஆகிக் கடை பெருகியது.

நான் காலேஜ் விடுதியில் இருந்தபோது என் கையிலும் ஒரு போன் இருந்தது, முன்னாலும் பின்னாலும் கேமராவோடு. ஒரு நாள் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கையில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, இமைக்காத கண்ணோடு. எத்தனையோ முறை எத்தனையோ முகங்கள் அப்படி நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் போர்வைக்குள் இருந்த அத்தாவின் முகம் ஞாபகம் வந்தது. லைன் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அன்றைய கதையைக் கேட்டேன்.

"கடை எப்படிப் போகுதுன்னு கேட்டதோட அத்தா போயிட்டாக" என்றாள் அக்கா, நேற்று நடந்ததைச் சொல்வதுபோல. "அதுக்குப் பெறகு நானும் போர்வையும்தான்."

"அத்தா லைன்ல இருந்திருந்தா?"

"அவுககிட்டச் சொல்லிக் கேக்கச் சொல்லிருப்பேன். அவுக கேட்டிருக்க மாட்டாக." பிறகு சொன்னாள்: "நல்ல பையன்தான். பொய்யா ஒரு பதில் சொல்லாம, தெரியலைன்னு சொன்னாரே. ஆனா அவரு தெரிஞ்சுக்கிற வரைக்கும் நான் காத்திருக்க முடியுமா?"

சாயங்காலம் கொல்லையில் நின்று அவள் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அத்தா முழுசாகக் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "சரி, நான்தான் கேட்டேன்னு இருக்கட்டும்" என்றாராம்.

அதைக் கேட்ட பிறகுதான் அன்று ஊருக்குத் திரும்பிய பஸ் பயணம் எனக்கு விளங்கியது. கடைசி சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். போர்வைக்குள் நான் பார்த்ததை ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தா எப்படி உற்றுப் பார்த்தார், எப்படி விடாமல் கேட்டார் என்று. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கல்யாணமாகி இத்தன வருசத்துல உங்கத்தா ஒரு கேள்விய எங்கிட்ட ரெண்டாந்தடவ கேட்டதில்ல" என்றாள். அவள் பார்த்தது அக்காவை. வெளிநாடு போனால் ஆளே மாறிவிடுவார்கள்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலோரம் எப்போதும் எனக்குத்தான். அன்று அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நகர்ந்து உட்காரச் சொல்லி அக்காவிடம் கையைக் காட்டினாள். நான் அழுதுகூடப் பார்த்தேன். அக்கா முக்காட்டைத் தளர்த்திவிட்டுக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி வந்தாள். நாள் முழுக்கப் போர்வையைத் தாங்கிப் பிடித்தவள் நான், இவளுக்கு எதற்கு ஜன்னல் என்றுதான் எனக்கு அன்று ஆற்றாமையாக இருந்தது.