கலைச்செல்வன் எடுத்துவிட்ட நம்பர்

பெரம்பலூர் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் கலைச்செல்வன் லேப் அசிஸ்டென்ட். அது கல்லூரி வைத்த பெயர். அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். சொந்த ஊரான விக்கிரமங்கலத்தில் அதைச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது, புரியாததாலேயே மரியாதை கூடும். கம்ப்யூட்டர் துடைப்பதும், கரண்ட் போனால் கத்துகிற யூபிஎஸ்ஸை அடக்குவதும், செருப்போடு உள்ளே வரும் பசங்களை விரட்டுவதும்தான் அந்த அட்மினிஸ்ட்ரேஷன் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கைவசம் ஒரே ஒரு வித்தை இருந்தது. லேபின் லினக்ஸ் சர்வரில் யூசர்இன்ஃபோ என்றொரு சின்ன புரோகிராமை ஏற்றி வைத்திருந்தான். கறுப்புத் திரையில் அந்தப் பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு மாணவரின் லாகின் பெயரையும் அடித்தால் அந்த ஆளின் விவரம் வரிவரியாக வந்து விழும். உள்ளே பல மாட்யூல்கள். ஒன்று முழுப்பெயரையும் போன் நம்பரையும் கொண்டுவரும். ஒன்று கடைசியாக எப்போது வந்து உட்கார்ந்தார் என்று சொல்லும். இன்னொன்று, மாணவர் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். வேண்டாததை அணைத்து வைக்கலாம். பசங்கள் குறிப்பில் கண்டதையும் கிறுக்கியதால் அந்த மாட்யூலை மட்டும் அணைத்துவிட்டான். கல்லூரியைப் பார்வையிட யார் வந்தாலும் பிரின்சிபால் அவனைத்தான் கூப்பிடுவார். அவன் தட்டுவான், திரை நிரம்பும், வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அன்றைக்கெல்லாம் அவன் கால் தரையில் படாது.

2004ஆம் வருடம், பொங்கல் விடுமுறை. காணும் பொங்கலும் முடிந்திருந்தது, கல்லூரி இன்னும் திறக்கவில்லை. சர்வரைத் தனியாக விட முடியாது என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு லேபுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் திருச்சி கம்பெனி ஒன்றிலிருந்து ஈமெயில் வந்தது. எழுத்துத் தேர்வில் தேறிய கடைசி வருட மாணவி வேம்புவுக்கு நேர்முகத் தேர்வை முன்னதாக வைத்துவிட்டார்களாம். நாளைக் காலை பத்து மணி. வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

அந்த வருடம் கல்லூரியில் தேறியதே அந்த ஒரு பெண்தான். அதிகம் பேசாத பெண், எந்த ஊர் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஹாஸ்டல் காலி. ஆபீஸ் சாவியோடு கிளார்க் ஊருக்குப் போய்விட்டார். பிரின்சிபாலுக்கு போன் செய்தால் அவர் பதறினார். கவலையே படாதீர்கள், ஒரு நிமிஷம் போதும் என்று கலைச்செல்வன் வாக்குக் கொடுத்தான்.

தட்டினான். வேம்புவின் பெயர் வந்தது, நம்பரும் வந்தது. சுழற்றினால் என்கேஜ்டு. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சுழற்றினான். அப்போதும் என்கேஜ்டு. வீட்டிலேயே போன் வைத்துக்கொண்டு இப்படியா நாள் முழுக்கப் பேசுவார்கள் என்று முகம் தெரியாத அந்தக் குடும்பத்தைத் திட்டித் தீர்த்தான். கொஞ்சம் பொறாமையும் பட்டான். அப்புறம்தான் தன் கையில் இருந்த போனின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். அதிலும் அதே நம்பர். இவ்வளவு நேரமும் அவன் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

எல்லாம் அவன் கைவேலைதான். கணக்கு திறந்தபோது மாணவர்கள் எழுதிக் கொடுத்ததில் பாதி பி.பி. நம்பர்கள். பக்கத்து வீடு, மாவு மில், டீக்கடை என்று யார் யாருடைய போனோ. பெரிய மனிதர்கள் பார்க்கிற திரையில் டீக்கடையா என்று அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. அத்தனையையும் எடுத்துவிட்டு லேப் நம்பரைப் போட்டான். அவன் வீட்டுக்கே பக்கத்து உரக்கடை நம்பர்தான். முதலில் எடுத்தது அதைத்தான்.

ஒரு பெண்ணின் வேலை தன்னால் போகப்போகிறது என்று நினைக்கவே பயமாக இருந்தது. வேறு வழி தெரியாமல், அணைத்து வைத்திருந்த அந்தக் குறிப்பு மாட்யூலைத் திறந்துவிட்டுத் தட்டினான். இங்கிலீஷ் எழுத்தில் வேம்பு தமிழாக எழுதியிருந்தாள்: லீவுக்கு எறையூர், அம்மாவோடு கரும்பு வெட்டு.

கிடைத்த பஸ்ஸில் ஏறி எறையூர் சர்க்கரை ஆலை வாசலில் இறங்கினான். எதிரே இருந்த டீக்கடையில் விசாரித்தான். கடைக்காரர் கவுஸ் பாய்க்கு வேம்புவைத் தெரிந்திருந்தது. மேஜையில் இருந்த போனைக் காட்டினார்.

"நம்ம இருசம்மா மவதானே? ஒரு போன் அடிச்சிருந்தா நானே ஆள் விட்டுக் கூப்பிட்டிருப்பேனே தம்பி. அந்தப் புள்ள நம்பர் குடுக்கலையா?"

குடுத்துச்சு பாய் என்று முனகிவிட்டு, கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

தலையில் துண்டும் மேலே ஆம்பளைச் சட்டையுமாக வேம்பு கரும்புக் கொல்லையில் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அரிவாள் கையிலிருந்து நழுவியது. எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அப்புறம், டீக்கடைக்கு லைன் கிடைக்கவில்லையா என்று கேட்டாள்.

"இல்லம்மா. அந்த நம்பர நான்தான் எடுத்துட்டேன். பார்க்க நல்லால்லன்னு."

வேம்பு குனிந்து அரிவாளை எடுத்தாள். அதற்குள் அவள் அம்மா இருசம்மாள் ஓடி வந்தாள். சேதி கேட்டுக் கண் கலங்கியவள், கூட வெட்டுகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டாள்.

"போன்ல ஒரு வார்த்த சொன்னா போதாதா? எம் பொண்ணுக்காக நேர்லயே வந்திருக்காரு பாருங்கடி."

அவனுக்கு உடம்பு கூசியது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். வேம்பு முந்திக்கொண்டாள்.

"ஆமாம்மா. எங்க சார் அப்படித்தான்."

இருசம்மாள் நல்ல கரும்பாகப் பார்த்துச் சீவி அவன் கையில் கொடுத்தாள். அவனால் கடிக்க முடியவில்லை.

பம்புசெட்டில் முகம் கழுவி, வீட்டுக்கு ஓடிப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, காலை பஸ்ஸை நம்பாமல் வேம்பு அன்றைக்கே திருச்சி போக பஸ் ஏறினாள். ஏறும்போது, கம்பெனியில் போன் நம்பர் கேட்டால் கவுஸ் பாய் நம்பரைத்தான் எழுதப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள். எழுதும்மா என்றான்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சேதி டீக்கடைக்குத்தான் வந்தது. கவுஸ் பாய் ஆள் விட்டுச் சொன்னதில் எறையூருக்கே உடனே தெரிந்துவிட்டது. லேப் போனில் யாரும் கூப்பிடாததால், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் கலைச்செல்வனுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.