மாமியின் பெயரில் மூவாயிரம் முட்டை

1. லேக் கார்டன்ஸிலிருந்து போன்

இருபத்தாறு வருஷ வேலையில், உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து என்னை எழுந்து நிற்கவைத்த போன் ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது.

"வசந்தாவா? லேக் கார்டன்ஸ் சுந்தரேசன் பேசறேன்."

"நமஸ்காரம் மாமா, சொல்லுங்கோ."

"இன்னிக்கு ஆத்துல மாமிக்குத் திவசம். பிராமணாள்லாம் சாப்ட்டு வெத்தலை போட்டுண்டு இருந்தா. அப்போ உங்க யூனிவர்சிட்டி லெட்டர் வந்துது. எனக்குக் கண்ணாடி கெடைக்கலை. சாஸ்திரிகள்ட்ட குடுத்துப் படிங்கோன்னேன். அவர் இங்கிலீஷ்ல எம்.ஏ. சத்தமா, ஸ்பஷ்டமாப் படிச்சார்."

கடிதத்தை எழுதியவள் நான். எந்த வரி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. மாமா அதை அப்படியே ஒப்பித்தார். 'திருமதி லலிதா சுந்தரேசன் அவர்களின் நினைவாக, இந்த ஆண்டு எங்கள் தடகள வீராங்கனைகளுக்கு மூவாயிரத்து இருநூற்று நாற்பது முட்டைகள் அவித்து வழங்கப்படுகின்றன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"வெங்காயம்கூட சேத்துக்காத மனுஷிடி அவ," என்றார். குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "நாளைக்குக் கார்த்தால ஆறு மணிக்கு க்ரவுண்டுக்கு வரேன். என்ன போடறேள்னு என் கண்ணால பாத்துடறேன். அப்புறம் இந்தப் பணத்தைக் குடுக்கறதா, நிறுத்தறதான்னு முடிவு பண்ணிக்கறேன்."

2. என் மேஜை

கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் 'டோனர் மெம்பர்ஷிப்' மேஜை என்னுடையது. பழைய மாணவர்கள் வருஷ மெம்பராகச் சேர்ந்து நன்கொடை கொடுப்பார்கள். பதிலுக்குத் துறை அவர்களுக்கு ஒரு அட்டை, ஒரு டை, ஸ்போர்ட்ஸ் தினத்தன்று முன்வரிசை நாற்காலி, வருஷக் கடைசியில் ஒரு விருந்து கொடுக்கும். மெம்பர்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் நழுவாமல் ரினீவல் வாங்குவதும் என் வேலை. கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்களுக்கு இந்த மேஜை சரிப்படாது. காளிகாட்டில் மெட்ரோ ஏறி, பக்கத்து சீட்டுக்காரரிடம் எங்கே படித்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்து, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் ஃபாரத்தை நீட்டியவள் நான்.

சுந்தரேசன் மாமாவைப் பிடிக்க எனக்கு மெட்ரோ தேவைப்படவில்லை. எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. அவருடைய அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இங்கே வந்தவர். மாமா எங்கள் பல்கலைக்கழகத்துக்காக நானூறு மீட்டர் ஓடியவர், பாங்க் ஆபீஸராக ரிட்டயர் ஆனவர். மாமி போன பிறகு, அவள் பெயரில் பெண்கள் தடகளக் கேம்ப்பின் காலைச் சாப்பாட்டை முழுக்க ஏற்றுக்கொண்டார். பதினெட்டுப் பெண்கள், தொண்ணூறு நாள்.

அந்த வருஷம் என்னை ஒரு வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருந்தார்கள். வெறும் நன்றி சொன்னால் டோனருக்கு நிறையாது, உங்கள் பணம் என்னவாக ஆயிற்று என்று எண்ணிச் சொல்லுங்கள் என்று அங்கே பாடம் எடுத்தார்கள். நான் ஆவேசத்தோடு திரும்பிவந்து பதினெட்டை இரண்டாலும் தொண்ணூறாலும் பெருக்கினேன். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அடிக்கும் மெயில் மெர்ஜில் மாமியின் பெயர் அந்த வரியில் போய் உட்கார்ந்தது.

தப்பை நான் கம்ப்யூட்டர் தலையில் போடமாட்டேன். அதே மாமி வீட்டில் நவராத்திரிக்குப் போய் வருஷா வருஷம் சுண்டல் சாப்பிட்டவள் நான். ஆனால் காலேஜ் நாளிலிருந்து டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் எக் ரோல் தின்று தின்று, என் மண்டைக்குள் முட்டையும் வாழைப்பழமும் ஒரே கணக்கில் சேர்ந்திருந்தன. என் அம்மாவுக்கு இந்த எக் ரோல் விஷயம் இன்றுவரை தெரியாது.

3. பனீர் யோசனை

டைரக்டரிடம் ஓடினேன். நல்ல மனிதர். மேடையும் மாலையும் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். வங்காளிகள் வாயில் 'வ' வராது, அதனால் ஆபீஸ் முழுக்க நான் பசந்தா.

"ஆரே பசந்தா, இதுக்குப் போய் இப்படி வேர்த்துக் கொட்டணுமா? டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிடு. நாளைக்கு ஒரு நாள் முட்டை வேண்டாம், பனீர் போடச் சொல்லு. பெரியவர் பாத்துட்டு சந்தோஷமாப் போயிடுவார்."

"நாளன்னிக்கு, ஸார்?"

"நாளன்னிக்குப் பழையபடி முட்டை."

அவரைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. மாமா கையை விரித்தால் காலைச் சாப்பாடு நின்றுவிடும். கேம்ப்பில் பாதிப் பேர் ஜில்லாக்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண்கள். அதில் சுதிப்தா என்று ஒருத்தி, ரிலேயில் கடைசி லெக் ஓடுகிறவள். சாப்பாடு கிடைத்த இரண்டு மாதத்தில் அவள் டைமிங் இறங்கிய வேகத்தைப் பார்த்து, ஸ்டாப்வாட்ச்தான் ரிப்பேர் என்று கோச் முதலில் நினைத்தாராம்.

பனீர் சொல்லக் கான்டீனுக்குப் போனேன். சமையல்காரர் டீ கொடுத்தார். குடித்தேன். மழை, விலைவாசி, மருமகள் எல்லாம் பேசினோம். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். டோனர்களிடம் சின்னச் சின்னப் பொய் நிறையச் சொல்லியிருக்கிறேன். 'உங்கள் டை தபாலில் வந்துகொண்டே இருக்கிறது' என்பது அதில் ஒன்று. செத்துப்போன மனுஷியின் பெயரை வைத்துப் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

4. காலை ஆறு மணி

குளிர் இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை, ஆனாலும் மாமா மங்கி கேப்பும் மஃப்ளருமாக வந்தார். இந்த விஷயத்தில் கொல்கத்தாத் தமிழர்கள் வங்காளிகளை என்றைக்கோ மிஞ்சிவிட்டார்கள். க்ரவுண்ட் ஓரத்தில் பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே மாமியின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர். மேஜையில் இரண்டு பெரிய பாத்திரம் நிறைய அவித்த முட்டை. மாமி புன்னகையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மாமா யாரையும் கேட்காமல் நேரே வரிசைக்குப் போனார். சாப்பிட ஆரம்பித்துவிட்ட சுதிப்தா முன்னால் நின்றார். பேச்சு வங்காளத்தில் நடந்தது.

"தினமும் முட்டையாம்மா?"

"ரெண்டு, தாது," என்றாள். தாத்தாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இது வர்றதுக்கு முன்னாடி?"

"ஹாஸ்டல்ல பொரியும் டீயும்."

"முட்டையை நிறுத்திட்டா ஓட மாட்டியா?"

வரிசையே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயிலிருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"ஓடுவேன். ஓடிட்டு வந்து க்ளாஸ்ல தூங்கிடுவேன். தாது, நீங்க ஓடினப்போ என்ன சாப்பிட்டீங்க?"

"தயிர் சாதம்."

"ஜெயிச்சீங்களா?"

"ஃபைனல்ல கடைசி," என்றார் மாமா. வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. மாமாவும் குல்லாவுக்குள்ளிருந்து சிரித்தார். சுதிப்தாவும் சிரித்தாள்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "முட்டை தப்புன்னு நான் சொல்லலை. இந்தக் கொழந்தைகளுக்கு அது வேணும், அது தெரியறது. ஆனா அவ பேர்ல வேண்டாம். பால் வாங்கு, பழம் வாங்கு, நெய், பாதாம் எது வேணாலும் வாங்கு. பணம் நிக்காது. ஒண்ணு சொல்றேன், வசந்தா. எதுக்குக் குடுக்கறேள்னு என்னைக் கேட்டே. எதுக்கு வேண்டாம்னு நீ கேக்கவே இல்லையே?"

பணம் நிற்காது என்று கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சமாளித்தேன். முட்டைக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது.

5. புதுக் கட்டம்

அந்த வாரமே ரினீவல் ஃபாரத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்: 'என் நன்கொடை எதற்குப் பயன்படக் கூடாது?' டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. "குடுக்க வர்றவங்ககிட்ட கூடாதுன்னு சொல்ல நாமளே எடம் குடுக்கறதா?" என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அச்சடித்துவிட்டேன்.

முட்டை, மீன், மாமிசம் என்றுதான் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நாலே பேர் எழுதியிருந்தார்கள். மற்ற ஃபாரங்களில் கண்டவை வேறு. 'சால்வைக்குக் கூடாது.' 'விருந்துக்குக் கூடாது, எனக்கு ஷுகர்.' விருந்து வேண்டாம் என்று பாதிப் பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். ஒரு பழைய கோல்கீப்பர், 'டை வேண்டாம், ஏற்கெனவே ஒன்பது இருக்கிறது' என்று எழுதியிருந்தார். ஒரு டாக்டர், 'டைரக்டர் பேசும் மைக்குக்குக் கூடாது' என்று எழுதியிருந்தார். அந்த ஃபாரத்தை டைரக்டரிடம் காட்டும்போது அந்த வரிமேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன்.

எழுத்தில் வந்துவிட்டதால் துறைக் கமிட்டியால் தட்ட முடியவில்லை. விருந்து நின்றது. அந்தப் பணம் முட்டை ஆயிற்று, மாமாவின் பணம் பாலும் பழமும் ஆயிற்று. டைரக்டர் இரண்டு வாரம் என் முகம் பார்த்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு மீட்டிங்கில் இந்தக் கட்டத்தைத் தன்னுடைய யோசனை என்று சொன்னார். நான்தான் பலமாகக் கை தட்டினேன்.

ரிலேயில் எங்கள் பெண்கள் மூன்றாவதாக வந்தார்கள். அடுத்து மாமாவுக்கு லிட்டர் கணக்கில் பால் என்று கடிதம் போனது, பஞ்சாங்கம் பார்த்த பிறகு.

அதற்குப் பின் எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். குறிப்பாக அந்தக் காலை ஆறு மணியை. டோனர் நேரே வந்து கேட்கிறார், அந்தப் பெண் பயமில்லாமல் பதில் சொல்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கைதட்டல் கிடைத்தது.

6. சுதிப்தாவின் ஃபாரம்

நான் ரிட்டயராவதற்கு ஒரு மாதம் முன்னால், சுதிப்தா சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு ஆபீஸுக்கு வந்தாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்துக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மெம்பராகச் சேர வேண்டும், காலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மேஜையிலேயே உட்காரவைத்து ஃபாரம் கொடுத்தேன்.

புதுக் கட்டத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'இது யாருடைய பணம் என்று சாப்பிடுகிற பெண்களுக்குச் சொல்லக் கூடாது. சாப்பிடும்போது யாரும் வந்து பார்க்கவும் கூடாது.'

"சுந்தரேசன் மாமாவைச் சொல்றியா?" என்றேன். "அன்னிக்கு நீதானே எல்லாரையும் சிரிக்க வெச்சே!"

"தாது ரொம்ப நல்லவர், பசந்தா தீதி. பூஜைக்குப் பூஜை இன்னமும் அவருக்குப் போன் பண்றேன். ஆனா அன்னிக்கு ஒரு கடி முட்டை என் வாயில இருந்துச்சு. முட்டையை நிறுத்திட்டா ஓட மாட்டியான்னு கேட்டார். பின்னாடி பதினேழு பேர். நான் தப்பாச் சொன்னா அத்தனை பேர் சாப்பாடும் போயிடும். அந்தக் கடியை என்னால முழுங்க முடியலை. பயத்துலதான் சிரிச்சேன்." சொல்லிவிட்டு ஒரு சந்தேஷை எடுத்து என் கையில் வைத்தாள். "சாப்பிடுங்க, நான் பாக்க மாட்டேன்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. எத்தனை ஊரில், எத்தனை மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே மாமாவுக்குப் போன் செய்து விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

"சாப்பிடறவா எலையைப் பாக்கப்படாதுன்னு மாமி சொல்லிண்டே இருப்பா," என்றார். "நான்தான் போய் நின்னேன். அவ படத்தை முதல்ல எடுத்துடு. அந்தப் பொண்ணு நம்பர் என்கிட்ட இருக்கு, நானே பேசிக்கறேன்."

மறுநாள் ஸ்டூல் போட்டு நானே ஏறி பேனரை அவிழ்த்தேன். கீழே பெண்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த மேஜைக்கு இனி வரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதற்கு வேண்டாம் என்று கொடுக்கிறவரிடம் கேட்க, எனக்கு ஒரு திவசத்தன்று போன் வர வேண்டியிருந்தது. வாங்கிக்கொள்கிறவளிடமும் அதைக் கேட்க வேண்டும் என்பது, அவளே வந்து எழுதிக் கொடுக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ஃபாரம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவளுடையதை முதலில் படியுங்கள்.