பின் அடித்த கதைகள்

இந்த ஜெர்மன் ஊரில் என் மகள் யாழினி படிக்கும் பள்ளியில், காலையில் முதல் இருபது நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். பிள்ளைகள், டீச்சர்கள், கதவைத் திறந்து பூட்டும் ஹவுஸ்மைஸ்டர் உட்பட எல்லோர் கையிலும் ஆளுக்கொரு கதைப்புத்தகம். அதற்கு லேஸெட்சைட், அதாவது வாசிப்பு நேரம், என்று பெயர். முதல் நாள் பார்த்தபோது பரீட்சை என்றே நினைத்துவிட்டேன். "இன்று என்ன பரீட்சை?" என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். "பரீட்சை இல்லையே, வாசிக்கிறார்கள்" என்றார். "எந்தப் பரீட்சைக்கு?" என்றேன் மறுபடியும். அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். வீட்டிலும் தினம் பத்து நிமிடம் மகள் வாசிக்க வேண்டும். வாசிக்கக் கேட்டவர் லேஸெபாஸ் என்ற அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். கேள்வி கிடையாது, மார்க் கிடையாது.

போன விடுமுறைக்கு எங்கள் ஊர் வடக்குப்பட்டு போயிருந்தேன். தங்கை செல்வி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். அவள் மகள் நித்யா பத்தாவது. பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். விரிவானம் என்று பாடத்துக்குப் பாடம் ஒரு கதை வருமே, அந்தப் பக்கங்களை மட்டும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தது. எல்லாக் கதைக்கும்!

"இன்னாம்மா இது?"

"கதைக்கு ஆன்சர சார் எழுதிப் போட்டுட்டாரு மாமா. அத மனப்பாடம் பண்ணா போதும். கதைய படிச்சிக்கினு இருந்தா டைம் வேஸ்ட்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கதையைப் படிக்காமலே கதையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்குகிறாள். இதற்குப் பெயர் படிப்பா? லைப்ரரி பீரியட் டைம்டேபிளில் இருக்கிறது. அதில் ஸ்லிப் டெஸ்ட். அலமாரி நிறைய புத்தகம் இருக்கிறது; சாவி ஹெட்மாஸ்டர் மேசையில். எவன் கண்டுபிடித்தான் இந்த அநியாயத்தை என்று கத்தினேன்.

செல்வி நிதானமாகச் சொன்னாள்: "நீதாண்ணா. நான் பத்தாவது படிக்க சொல்லோ நீதான் பின் அடிச்சிக் குட்த்த. அதத்தான் இவளுக்கு நான் அடிச்சேன். நான் நிக்கிற லைன்ல இவ வந்து நிக்கக்கூடாது. அவ்ளோதான் எனக்கு."

ஆமாம், நானும் அப்படித்தான் பாஸானேன். கோபம் தணியவில்லை, என் பக்கம் திரும்பிக்கொண்டது. நகத்தால் ஒரு பின்னை நெம்பி எடுத்தேன். நித்யா சத்தமாக வாசித்தாள். பாதியில் குபீரென்று சிரித்து, "மாமா, இந்தாளு செம லூசு!" என்றாள். செல்விகூட எட்டிப் பார்த்தாள்.

தினம் பத்து நிமிடம் போனில் வாசிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். யாழினியின் அட்டையில் அவள் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நித்யா என்று எழுதிக்கொண்டேன். ஒன்பது நாள் கையெழுத்துப் போட்டேன். பத்தாம் நாள் நித்யா சொன்னாள்: "ரிவிஷன் டெஸ்ட் ஸ்டார்ட் ஆயிட்ச்சி மாமா. திரும்ப பின் அட்ச்சிட்டேன். கோச்சிக்காத."

அட்டையில் ஒன்பது நாளோடு நின்றுபோன கீழ் வரிசையைப் பார்த்த யாழினியின் ஆசிரியை, "நித்யா யார்? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"டெஸ்ட்" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

இன்றும் யாழினி வாசித்து முடித்ததும் அவள் வரிசையில் கையெழுத்துப் போடுகிறேன். பேனா கீழ் வரிசைக்கு இறங்கி நிற்கிறது. மூடியைப் போட மனசு வரவில்லை.